ஈஸ்டர் எழுச்சி, 1916: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்து விடுதலை பற்றிப் பேச்சு வந்தால் 1916 என்ற ஆண்டும் கூடவே வரும். மக்கள் கொதித்தெழுந்தார்கள், ஆங்கிலேயர் ஒடுக்கினார்கள், பிறகு விடுதலை கிடைத்தது என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிடுவார்கள் பலர். அந்த மூன்று வரிகளில் முதல் வரியே தவறு. அதனால்தான் இந்தப் பக்கம்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள், என்னதான் நடந்தது?

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. விடுமுறை நாள். பிரிட்டிஷ் அதிகாரிகளில் பலர் டப்ளினுக்கு வெளியே ஃபேரிஹவுஸ் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்தார்கள். நண்பகலில் ஆயுதம் தாங்கிய சில நூறு பேர் நகரின் நடுவே சாக்வில் தெருவில் (இன்றைய ஓ'கானல் தெரு) இருந்த தலைமைத் தபால் நிலையத்துக்குள் புகுந்து, அங்கிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, சன்னல் கண்ணாடிகளை உடைத்துத் தடுப்பு அமைத்தார்கள். சற்று நேரத்தில் பாட்ரிக் பியர்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் வாசலுக்கு வந்து, அயர்லாந்து இனி ஒரு குடியரசு என்று அறிவிக்கும் பிரகடனத்தை வாசித்தார். தெருவில் நின்று கேட்டவர்கள் அதிகமில்லை. கேட்டவர்களிலும் பலருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை.

ஆறாம் நாள், சனிக்கிழமை, பியர்ஸ் சரணடைந்தார். அதற்குள் நகரின் மையப்பகுதி எரிந்து சாம்பலாகியிருந்தது.

(நண்பகல் என்றால் டப்ளின் நண்பகல். அன்று டப்ளின் கடிகாரம் லண்டனுக்கு 25 நிமிடம் பின்தங்கி ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தனி நேரத்தையும் ரத்து செய்து, லண்டன் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள்.)

அயர்லாந்துக்குச் சுயாட்சிச் சட்டம் 1914இலேயே நிறைவேறிவிட்டதே? பிறகு எதற்குத் துப்பாக்கி?

நிறைவேறியது உண்மை. நடைமுறைக்கு வரவில்லை.

1801 முதல் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இல்லை. எல்லாம் லண்டனில்தான். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டு, இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறியபோது, நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தது. அந்த நினைவு ஆறவே இல்லை. ஆனாலும் அயர்லாந்து அரசியலின் பெரும்போக்கு மிதவாதம்தான். ஜான் ரெட்மண்ட் தலைமையிலான கட்சி, லண்டன் நாடாளுமன்றத்தில் பொறுமையாகப் பேரம் பேசி, பேரரசுக்குள்ளேயே சுயாட்சி கேட்டது. அதுவே 'ஹோம் ரூல்'.

அதை வடக்கில் அல்ஸ்டர் பகுதிப் புராட்டஸ்டண்டுகள் கடுமையாக எதிர்த்தார்கள். கத்தோலிக்கப் பெரும்பான்மை ஆளும் டப்ளின் அரசுக்குக் கீழே வாழமாட்டோம் என்று 1912இல் ஏறத்தாழ 4,70,000 பேர் உறுதிமொழிகளில் கையெழுத்திட்டார்கள். 1913இல் சொந்தமாக ஒரு படை திரட்டினார்கள். 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகம் வழியாக சுமார் 25,000 துப்பாக்கிகளைக் கடத்தி இறக்கினார்கள். காவல்துறை கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இந்த இடத்தைக் கவனிக்காமல் 1916ஐப் புரிந்துகொள்ள முடியாது. அயர்லாந்து அரசியலுக்குள் துப்பாக்கியை முதலில் கொண்டுவந்தவர்கள் பிரிட்டனுக்கு விசுவாசமான தரப்பினர். அவர்கள் படை திரட்டியதைப் பார்த்துத்தான் தெற்கே 1913 நவம்பரில் அயர்லாந்துத் தொண்டர் படை பிறந்தது.

1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. சுயாட்சிச் சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்த கையோடு, போர் முடியும்வரை அதை நிறுத்திவைத்தார்கள். போரில் பிரிட்டனுக்கு உதவினால் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று ரெட்மண்ட் நம்பினார்; இளைஞர்களைப் படையில் சேரச் சொன்னார். தொண்டர் படை உடைந்தது. மிகப் பெரும்பாலோர் ரெட்மண்ட் பக்கம் போனார்கள். போக மறுத்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர்.

அப்படியானால் அந்தப் பத்தாயிரம் பேர்தான் எழுச்சியைத் திட்டமிட்டார்களா?

அவர்களும் இல்லை. அவர்களுக்குள் ஒளிந்திருந்த ஓர் இரகசிய அமைப்பு, அதற்குள்ளும் ஒரு சின்னக் குழு.

ஐ.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அயர்லாந்துக் குடியரசுச் சகோதரத்துவம் 1858இல் தொடங்கிய இரகசிய இயக்கம். அதன் இராணுவக் குழுவில் கடைசியில் இருந்தவர்கள் ஏழு பேர். டைனமைட் வழக்கில் பதினைந்து ஆண்டு ஆங்கிலச் சிறைகளில் வாடிவிட்டு வந்து, டப்ளினில் புகையிலைக் கடை வைத்திருந்த தாமஸ் கிளார்க்; அவருடைய வலதுகையான ஷான் மக்டியர்மடா; பியர்ஸ்; கவிஞர்களான ஜோசப் பிளங்கெட், தாமஸ் மக்டோனா; ஏமன் கியான்ட்; தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலி. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களும் இந்த ஏழு பேரே.

கானலியின் கதை தனி. அவர் மார்க்சியர். 1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்க உறுப்பினர்களை வேலைக்கு விடாமல் கதவடைத்தபோது, காவல்துறையின் தடியடியிலிருந்து தொழிலாளர்களைக் காக்க உருவானது குடிமக்கள் படை. அந்த இருநூறு பேரை வைத்துக்கொண்டு தனியாகவே கிளர்ச்சியில் இறங்கிவிடுவாரோ என்று பயந்துதான் 1916 ஜனவரியில் ஐ.ஆர்.பி. அவரைத் தன் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது.

ஷின் ஃபெயின் என்ற அயர்லாந்துத் தேசியவாதக் கட்சிக்கு இதில் அமைப்புரீதியாக எந்தப் பங்கும் இல்லை. பத்திரிகைகளும் அதிகாரிகளும் 'ஷின் ஃபெயின் கலகம்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். செய்யாத காரியத்துக்குக் கிடைத்த அந்தப் புகழ் பின்னால் அக்கட்சிக்கு வாக்குகளாக மாறியது. வரலாற்றில் இப்படியும் அதிர்ஷ்டம் அடிக்கும்.

ஜெர்மனி ஆயுதம் தந்ததாகச் சொல்கிறார்களே?

தந்தது. வந்து சேரவில்லை.

காங்கோவிலும் அமேசான் காடுகளிலும் ரப்பர் முதலாளிகள் நடத்திய கொடுமைகளை உலகுக்கு அம்பலப்படுத்தி, அதற்காகப் பிரிட்டிஷ் அரசிடம் 'சர்' பட்டம் பெற்றவர் ரோஜர் கேஸ்மண்ட். போர் தொடங்கியபின் அவர் ஜெர்மனிக்குப் போய் உதவி கேட்டார். 20,000 துப்பாக்கிகளோடு 'ஆட்' என்ற கப்பல், நார்வேக் கப்பல்போல் வேடமிட்டுப் புறப்பட்டது. அது கிளம்பியபின் டப்ளின்காரர்கள் ஆயுதம் இறங்கவேண்டிய நாளை மாற்றினார்கள். கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி கிடையாது. கெர்ரி கடற்கரைக்கு அது வந்தபோது வரவேற்க ஆளில்லை. பிரிட்டிஷ் கடற்படை மடக்கிக் கார்க் துறைமுகத்துக்கு இட்டுச் செல்லும் வழியில், கப்பல் தலைவரே அதை மூழ்கடித்துவிட்டார். நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பன்னா கடற்கரையில் இறங்கிய கேஸ்மண்டை அன்றைக்கே, புனித வெள்ளியன்று, கைது செய்தார்கள்.

இதோடு தொண்டர் படையின் தலைவர் ஓவன் மக்நீல் குறுக்கே வந்தார். பழைய அயர்லாந்து வரலாற்றில் அறிஞர் அவர். தாக்கப்பட்டால் மட்டுமே திருப்பித் தாக்கவேண்டும் என்பது அவர் நிலை. ஈஸ்டர் ஞாயிறு 'அணிவகுப்புப் பயிற்சி' என்று அறிவிக்கப்பட்டது உண்மையில் கிளர்ச்சி என்பதும், தன் படையைத் தனக்குத் தெரியாமலே பிறர் நடத்துகிறார்கள் என்பதும் கடைசி நேரத்தில் அவருக்குத் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலேயே பயிற்சி ரத்து என்று விளம்பரம் கொடுத்துவிட்டார். நாடெங்கும் கிளம்பத் தயாராக இருந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஏழு பேரும் அன்று கூடி, மறுநாள் நண்பகலுக்குத் தொடங்குவது என்று முடிவு செய்தார்கள்.

தோற்போம் என்று தெரிந்தே இறங்கினார்களா? 'இரத்தத் தியாகம்' என்கிறார்களே?

பியர்ஸின் எழுத்துகளில் தியாக மரணத்தின் மேல் ஒரு மோகம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஈஸ்டர் என்பதும் அந்த வாசிப்புக்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆனால் சாவதற்கு மட்டும் திட்டமிடுபவர்கள் ஜெர்மனியிலிருந்து இருபதாயிரம் துப்பாக்கி வரவழைக்க மாட்டார்கள். திட்டம் நாடு முழுவதற்குமானது. சனிக்கிழமை கப்பல் போயிற்று, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் போனார்கள், திங்கட்கிழமை மிஞ்சியது வீம்பும் மானமும்தான். காத்திருந்தால் எல்லோரும் கைதாவது உறுதி. அந்த நிலையில் இறங்கினார்கள் என்பதே என் கணிப்பு.

எத்தனை பேர் போரிட்டார்கள்? எங்கெங்கே?

திங்கட்கிழமை சுமார் 1,200 பேர். வாரக்கடைசியில் அது 1,600 அளவுக்கு உயர்ந்தது. எதிரே பிரிட்டிஷ் படை வார முடிவில் சுமார் 16,000.

தபால் நிலையம் தலைமையகம். நீதிமன்ற வளாகம், ஜேக்கப் பிஸ்கட் ஆலை, போலண்ட் மாவு ஆலை, தெற்கு டப்ளின் ஏழைகள் விடுதி என்று நகரைச் சுற்றி வலுவான கட்டடங்களைப் பிடித்தார்கள். பிடிக்காமல் விட்டதும் முக்கியம். பிரிட்டிஷ் ஆட்சியின் இதயமான டப்ளின் கோட்டையில் அன்று சொற்பக் காவலே இருந்தது. வாசலில் ஒரு காவலரைச் சுட்டுக்கொன்று, காவல் அறைவரை போனவர்கள், உள்ளே பெரும்படை இருக்கும் என்று எண்ணிப் பின்வாங்கிப் பக்கத்து நகர மண்டபத்துக்குப் போய்விட்டார்கள்.

செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் நடந்தது இன்னும் விநோதம். சுற்றிலும் உயரமான கட்டடங்கள் நிற்க, நடுவே புல்வெளியில் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்தார்கள். இரவோடிரவாகப் படையினர் எதிரே ஷெல்பர்ன் ஹோட்டலில் ஏறி, விடிந்ததும் மேலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். பக்கத்திலிருந்த அறுவை மருத்துவக் கல்லூரிக்குள் ஓடவேண்டியதாயிற்று. இத்தனைக்கும் நடுவே, பூங்காக் காவலர் குளத்து வாத்துகளுக்கு இரை போடுவதற்காக இரு தரப்பும் சற்று நேரம் சுடுவதை நிறுத்தின.

இராணுவரீதியில் கிளர்ச்சியாளர்களுக்குப் பெரிய வெற்றி என்றால் புதன்கிழமை மவுண்ட் தெருப் பாலத்தில் கிடைத்தது. அங்கே ஏறத்தாழ 17 பேர், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படையை மணிக்கணக்கில் தடுத்து நிறுத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் கொல்லப்பட்டோ காயமடைந்தோ விழுந்தார்கள். சுற்றிப் போகக்கூடிய வழிகள் இருந்தும், நேராகவே போகும்படி அவர்களுக்கு உத்தரவு. அரைகுறைப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அவர்கள்.

டப்ளினுக்கு வெளியே ஆஷ்போர்ன், கால்வே, என்னிஸ்கார்த்தி ஆகிய இடங்களில் மட்டும் சொல்லும்படியாக ஏதோ நடந்தது.

பிரகடனம் அவ்வளவு முக்கியமானதா?

ஆம். லிபர்ட்டி ஹாலில் இருந்த பழைய அச்சு இயந்திரத்தில், ஞாயிறன்று இரகசியமாக அச்சிட்டார்கள். ஈய எழுத்துகள் போதவில்லை. மேல்பாதியை அச்சிட்டு, எழுத்தைக் கலைத்து, கீழ்ப்பாதியைக் கோத்தார்கள். எஞ்சியுள்ள பிரதிகளில் பொருந்தாத எழுத்துருக்களை இன்றும் பார்க்கலாம்.

'அயர்லாந்தின் ஆண்களே, பெண்களே' என்று தொடங்குகிறது. ஆண், பெண் அனைவரின் வாக்குரிமையில் அமையும் அரசு என்று உறுதி சொல்கிறது. பிரிட்டனில் அன்று ஒரு பெண்ணுக்கும் நாடாளுமன்ற வாக்குரிமை இல்லை. ஆனால் அதே தாளில் 'ஐரோப்பாவிலுள்ள வீரமிக்க நேச நாடுகள்' என்று ஜெர்மனியையும் வாழ்த்தியிருந்தார்கள். பிள்ளைகளையும் கணவர்களையும் ஜெர்மானியருக்கு எதிராகப் போர்முனைக்கு அனுப்பியிருந்த டப்ளின் குடும்பங்களுக்கு அந்த வரி எப்படி எரிந்திருக்கும்!

பெண்கள் பங்கு என்ன?

ஏறத்தாழ இருநூறு பெண்கள். சமையல், மருத்துவம், தூது என்று பலருக்கு வேலை பிரித்தளித்தார்கள் என்றாலும், துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்டு. பூங்காவில் இரண்டாம் நிலைத் தளபதி கான்ஸ்டன்ஸ் மார்க்கியவிச். நகர மண்டபத்தில் தளபதி சுடப்பட்டு இறந்தபின் பொறுப்பேற்றவர் மருத்துவர் கேத்லின் லின். போலண்ட் ஆலையில் மட்டும் தளபதி டி வலேரா (பின்னாளில் அயர்லாந்தின் பிரதமரும் குடியரசுத் தலைவருமானவர்) பெண்களைச் சேர்க்கவே மறுத்துவிட்டார்.

சரணடையும் செய்தியை வெள்ளைக்கொடியோடு எடுத்துச் சென்றவர் செவிலியர் எலிசபெத் ஓ'ஃபாரல். பியர்ஸ் சரணடையும் புகைப்படத்தில் அவருக்குப் பின்னால் நிற்கும் இவருடைய பாதங்கள் மட்டுமே தெரியும். பின்னால் அச்சான சில பதிப்புகளில் அந்தப் பாதங்களையும் அழித்துவிட்டார்கள்.

குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்த மார்கரெட் ஸ்கின்னிடர் மூன்று குண்டுக் காயங்களோடு உயிர் பிழைத்தார். விடுதலைக்குப்பின் 1925இல் ஓய்வூதியம் கேட்டார். சட்டத்தில் உள்ள 'சிப்பாய்' என்ற சொல் ஆணை மட்டுமே குறிக்கும் என்று சொல்லி, அயர்லாந்து அரசே மறுத்தது. 1938இல்தான் கிடைத்தது. வாக்குரிமைக்குச் சமத்துவம் எழுதிய பிரகடனத்தின் வாரிசுகள் செய்த காரியம் இது.

இறந்தவர்கள் யார்?

இந்தக் கேள்வியைத்தான் யாரும் அதிகம் கேட்பதில்லை. கிளாஸ்னெவின் கல்லறை அறக்கட்டளை தொகுத்த பட்டியலில் 485 பெயர்கள். பாதிக்கு மேல் எந்தப் படையிலும் இல்லாத பொதுமக்கள். கிளர்ச்சியாளர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பதினாறு வயது வரையிலான குழந்தைகள் மட்டும் 40 பேர்.

காரணம் டப்ளினின் வறுமையிலும் இருக்கிறது. நகர மையத்தின் பழைய மாளிகைகள் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டிருந்தன. ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்ததாக 1914இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை சொல்கிறது. சண்டை நடந்த இடமே அந்தக் குழந்தைகள் விளையாடும் தெரு. காவல்துறை மறைந்ததும் மிட்டாய்க் கடைகளும் செருப்புக் கடைகளும் சூறையாடப்பட்டன. வேடிக்கை பார்க்கவும் பொருள் எடுக்கவும் போன பிள்ளைகள் குண்டுக்கு இரையானார்கள்.

கொள்ளையைத் தடுக்க ஒரு மக்கள் குழு அமைக்க முயன்றவர் ஃபிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டன். போர் எதிர்ப்பாளர், பெண் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். வீடு திரும்பும் வழியில் அவரைப் பிடித்துப் போர்ட்டபெல்லோ படைமுகாமில் விசாரணையின்றிச் சுட்டுக்கொன்றார்கள். உத்தரவிட்ட கேப்டன் போவன் கோல்ட்ஹர்ஸ்ட் மனநிலை சரியில்லாதவர் என்று இராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வடக்கு கிங் தெருவில் வீடு வீடாகப் புகுந்த படையினர் 15 பொதுமக்களைக் கொன்றார்கள். அதற்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. கிளர்ச்சியாளர்களும் தங்கள் தடுப்புகளைக் கலைக்க வந்த நிராயுதபாணிகளைச் சுட்டிருக்கிறார்கள். இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மக்கள் ஆதரித்தார்களா?

அந்த வாரத்தில் பெரும்பாலோர் ஆதரிக்கவில்லை. கைதிகளைத் தெருவழியே நடத்திச் சென்றபோது பல இடங்களில் வசவும் அழுகிய காய்கறியும் விழுந்தன. போருக்குப் போன சிப்பாய்களின் மனைவிமார் மிகக் கோபமாக இருந்தார்கள். அவர்களுக்குப் படியளந்த உதவித்தொகை தபால் நிலையம் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆங்காங்கே கைதட்டியவர்களும் இருந்தார்கள் என்பதற்கும் சாட்சியங்கள் உண்டு.

அப்படித் தோற்ற கலகம் எப்படி வெற்றியாக மாறியது?

கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் மேக்ஸ்வெல் மாற்றினார்.

இராணுவச் சட்டத்தின் கீழ், வழக்கறிஞர் இல்லாமல், மூடிய கதவுக்குள் விசாரணை. 90 பேருக்கு மரண தண்டனை. ஒரேயடியாக நிறைவேற்றியிருந்தால்கூட விளைவு வேறாக இருந்திருக்கலாம். சொட்டுச் சொட்டாகச் செய்தார்கள். மே 3இல் பியர்ஸ், கிளார்க், மக்டோனா. மே 4இல் நான்கு பேர். அதில் ஒருவர் பியர்ஸின் தம்பி வில்லி, தலைவரே இல்லை, அண்ணனுக்குத் தம்பி என்பதே பெரிய குற்றம்போல் ஆயிற்று. இன்னொருவர் பிளங்கெட். சாவதற்குச் சில மணி நேரம் முன்பு கில்மெய்னம் சிறைக் கோவிலில் கிரேஸ் கிஃபர்டை மணந்தார். மே 5இல் ஒருவர். மே 8இல் நால்வர். மே 9இல் கார்க் நகரில் தாமஸ் கென்ட். மே 12இல் மக்டியர்மடாவும் கானலியும். கணுக்கால் சிதைந்து நிற்க முடியாத கானலியை நாற்காலியில் வைத்துச் சுட்டார்கள்.

பத்து நாள், பதினைந்து பேர். ஒவ்வொரு காலையும் பத்திரிகையில் புதுப் பெயர். மிதவாதக் கட்சியின் ஜான் டில்லன், தங்கள் வாழ்நாள் உழைப்பை இரத்தத்தில் கழுவிவிடுகிறீர்கள் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கொதித்தார். கேஸ்மண்டை ஆகஸ்ட் 3இல் லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

இதோடு சுமார் 3,500 பேர் கைது. அவர்களில் பலர் கிளர்ச்சியோடு தொடர்பே இல்லாதவர்கள். சுமார் 1,800 பேரை வேல்ஸ் நாட்டு ஃபிரான்கோக் முகாமில் அடைத்தார்கள். முன்பின் அறியாத இளைஞர்கள் அங்கே ஒன்றாகி, அடுத்த போருக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். பின்னர் விடுதலைப் போரை நடத்திய மைக்கேல் காலின்ஸ் அதில் ஒருவர். பிறகு 1918இல் அயர்லாந்தில் கட்டாய இராணுவச் சேவை கொண்டுவர லண்டன் முயன்றது. எரிகிற வீட்டில் எண்ணெய். அந்த டிசம்பர் தேர்தலில் 105 இடங்களில் 73ஐ ஷின் ஃபெயின் பிடித்தது. ரெட்மண்டின் கட்சிக்கு ஆறு. சிறையிலிருந்தபடியே வென்ற மார்க்கியவிச், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். போய் உட்கார மறுத்துவிட்டார். 1919 ஜனவரியில் டப்ளினில் தனி நாடாளுமன்றம் கூடியது. விடுதலைப் போர், 1921 ஒப்பந்தம், பிரிவினை, உள்நாட்டுப் போர் எல்லாம் அதன் பிறகு.

மரண தண்டனையிலிருந்து டி வலேரா எப்படித் தப்பினார்?

அமெரிக்காவில் பிறந்தவர் என்பதால் என்று பள்ளிக்கூடக் கதை. கிளார்க் அமெரிக்கக் குடியுரிமையே பெற்றவர், அவரை விடவில்லையே. டி வலேராவின் வழக்கு தாமதமாக வந்தது. அதற்குள் லண்டன், போதும் நிறுத்து என்று மேக்ஸ்வெல்லை நெருக்கத் தொடங்கியிருந்தது.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி, அன்றைய சென்னை மாகாணத்துப் பெர்காம்பூரிலிருந்து 1913இல் டப்ளினுக்குச் சட்டம் படிக்கப் போனவர். அவர் படித்த பல்கலைக்கழகக் கல்லூரியில்தான் மக்டோனா ஆங்கிலம் கற்பித்தார். எழுச்சிக்குப் பிறகு கிரி நாட்டைவிட்டு வெளியேறவேண்டியதாயிற்று. அதே 1916 செப்டம்பரில், அயர்லாந்து வம்சாவளியான அன்னி பெசன்ட், அயர்லாந்து மிதவாதிகளின் அதே 'ஹோம் ரூல்' பெயரில் சென்னையில் இயக்கம் தொடங்கினார். 1920இல் ஜலந்தரிலும் சோலனிலும் இருந்த கனாட் ரேஞ்சர்ஸ் படையின் அயர்லாந்துச் சிப்பாய்கள், ஊரில் நடக்கும் அடக்குமுறையை எதிர்த்துப் பணிய மறுத்தார்கள். ஜேம்ஸ் டேலி தக்ஷாயில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1930 ஏப்ரல் 18இல், புனித வெள்ளியன்று, சூர்யா சென் குழுவினர் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கினார்கள். ஈஸ்டர் எழுச்சியே அவர்களுக்கு முன்மாதிரி.

இன்று அயர்லாந்தில் எல்லோரும் ஒருமனதாகக் கொண்டாடுகிறார்களா?

இல்லை. நூற்றாண்டையொட்டிக் கிளாஸ்னெவின் கல்லறையில் இறந்த அனைவர் பெயரையும் பொறித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். கிளர்ச்சியாளர், குழந்தைகள், பிரிட்டிஷ் சிப்பாய்கள் எல்லோரும் ஒரே கல்லில். சிப்பாய்களின் பெயர் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. சுவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேதப்படுத்தப்பட்டது. வடக்கு அயர்லாந்தில் பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புவோருக்கு 1916இன் புனிதச் சொல் 'ஈஸ்டர்' அல்ல, 'சோம்'. அந்த ஜூலை முதல் நாளில் பிரான்சில் சோம் போர்முனையில் அல்ஸ்டர் படைப்பிரிவு பட்ட பேரிழப்பு.

நினைவு நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதே, ஏன்?

அரசு விழா தேதியைப் பின்பற்றுவதில்லை, பண்டிகையைப் பின்பற்றுகிறது. எழுச்சி நடந்தது திங்களன்று என்றாலும் விழா ஈஸ்டர் ஞாயிறு நண்பகலில், தபால் நிலையத்தின் முன்னால். 2016இல் ஈஸ்டர் முந்தி வந்ததால் நூற்றாண்டு விழா மார்ச் 27இலேயே நடந்துவிட்டது, உண்மையான நூறாவது ஆண்டு நிறைவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பாக.